மார்பக மறுசீரமைப்பு: முதல் ஆலோசனையிலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒரு வழிகாட்டி

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தாக வேண்டும் என்று சொன்ன அதே அரைமணி நேரத்துக்குள், "மறுசீரமைப்பும் சேர்த்தே செய்துவிடலாமா?" என்று என்னைக் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். எந்த முறை, எத்தனை அறுவை, எவ்வளவு காலம் என்று எதுவும் எனக்குத் தெரியாது. எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று ஆண்டுகள் ஆயின. நான்கு முறை அறுவை அரங்குக்குள் போய் வந்தேன். அவற்றில் ஒன்றையாவது, தொடக்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

அந்தக் கேள்வியைத்தான் கீழே முதல் படியாக வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் உடலுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர்களிடம் எதை, எந்த வரிசையில் கேட்பது என்று சொல்ல என்னால் முடியும்.

1. கதிர்வீச்சு உண்டா என்று முதலில் கேளுங்கள்

எந்த முறை நல்லது என்று தேடத் தொடங்குவதற்கு முன்பே இதைக் கேட்க வேண்டும். மற்ற எல்லா முடிவுகளும் இதைப் பொறுத்தே மாறும்.

மார்பக வடிவத்துக்காக உடலுக்குள் வைக்கும் சிலிக்கான் பையான இம்பிளாண்ட்டைச் சுற்றி நம் உடல் தானாகவே ஒரு மெல்லிய உறையை உண்டாக்கும். அது இயல்பானது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் அந்த உறை தடித்துச் சுருங்கும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது. மார்பு கல்போல் இறுகி, மேலே ஏறி, வலிக்கத் தொடங்கும். எனக்கு அதுதான் நடந்தது. நம் உடலிலிருந்தே எடுத்து வைக்கும் தசையும் கொழுப்பும் கதிர்வீச்சு பட்ட இடத்தில் இதைவிட நன்றாக நிலைக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், கதிர்வீச்சு தேவையா என்பது பல நேரங்களில் அறுவைக்குப் பிறகு வரும் திசுப் பரிசோதனை அறிக்கையில்தான் உறுதியாகும். கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, அக்குளில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய் பரவியிருந்தாலோ பொதுவாகக் கதிர்வீச்சைப் பரிந்துரைக்கிறார்கள். ஒன்று முதல் மூன்று கணுக்கள் என்றால் மற்றக் காரணங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆகவே உங்கள் கேள்வி இப்படி இருக்கட்டும்: "இப்போது கையில் உள்ள ஸ்கேன், பயாப்சி முடிவுகளை வைத்துப் பார்த்தால், எனக்குக் கதிர்வீச்சு வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு?"

இதை அறுவை மருத்துவரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கதிர்வீச்சு மருத்துவரையும் அறுவைக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் அறுவை முடிந்த பிறகுதான் அவரை முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். அப்போது உள்ளே ஏற்கெனவே ஏதோ ஒன்று வைக்கப்பட்டிருக்கும்.

2. ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

மறுசீரமைப்பைச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜன் வேறு மருத்துவமனையில் இருந்தால் அவரிடம் உங்களைப் பற்றிய எந்தத் தகவலும் இருக்காது. ஒரு தாள் குறைந்தால் ஒரு சந்திப்பு வீணாகும். எனக்கு இரண்டு வீணாயின.

கோப்பில் இருக்க வேண்டியவை: பயாப்சி அறிக்கை, அதில் ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 (புற்றுநோய் செல்களில் பார்க்கும் ஒரு புரதம்) முடிவுகள், மேமோகிராம், அல்ட்ராசவுண்டு, எம்ஆர்ஐ ஆகியவற்றின் அறிக்கையோடு படங்களும், மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு, ஏற்கெனவே மார்பகம் எடுத்தாகிவிட்டது என்றால் அறுவைக் குறிப்பும் அதன்பின் வந்த திசுப் பரிசோதனை அறிக்கையும், கீமோ மருந்துகளின் பெயர், சுற்றுகளின் எண்ணிக்கை, கடைசிச் சுற்றின் தேதி, கதிர்வீச்சின் மொத்த அளவு, எத்தனை அமர்வு, எந்தப் பகுதி என்ற சுருக்கம், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், ஒவ்வாமைகள், வயிற்றில் முன்பு ஏதாவது அறுவை நடந்திருந்தால் அதன் விவரம்.

டிஸ்சார்ஜ் சுருக்கமும் அறுவைக் குறிப்பும் வேறு வேறு. அறுவைக் குறிப்பை நாம் கேட்டால்தான் தருவார்கள். எந்தத் தசையை எடுத்தார்கள், எந்த ரத்தக்குழாயை விட்டுவைத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பின்னால் மறுசீரமைப்பு செய்யப்போகும் மருத்துவருக்கு அது மிகவும் தேவைப்படும். எல்லாவற்றையும் புகைப்படமாக எடுத்துக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. செய்யாமல் இருப்பதும் ஒரு முழுமையான தேர்வு

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மறுசீரமைப்பு வேண்டாம் என்பவர்களுக்கு மார்பை நேர்த்தியாகத் தட்டையாக்கித் தைக்கும் முறை இருக்கிறது. மிச்சத் தோல் மடிந்து தொங்காமல், அக்குள் பக்கம் பை போல் நிற்காமல் தைப்பதற்குத் தனித்திறமை வேண்டும். ஆகவே "எனக்கு மறுசீரமைப்பு வேண்டாம்" என்று சொன்னால் போதாது. "நேர்த்தியான தட்டை மார்பு வேண்டும், பிற்காலத் தேவைக்கென்று தோலை மிச்சம் வைக்க வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லி, அதைச் சம்மதப் படிவத்திலும் எழுதச் சொல்லுங்கள். குணமாவது விரைவு. பெரும்பாலும் ஒரே அறுவையோடு முடிந்துவிடும்.

வெளியே அணியும் செயற்கை மார்பகமும் உண்டு. அறுவை முடிந்த முதல் வாரங்களில் பஞ்சு போன்ற லேசான ஒன்றை அணியலாம். காயம் நன்றாக ஆறிய பிறகு, பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து, எடையுள்ள சிலிக்கான் வகைக்கு அளவெடுப்பார்கள். கதிர்வீச்சு நடந்தால் தோல் தேறும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய மார்பகம் உள்ளவர்கள் எடையுள்ள வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் தோளும் முதுகும் வலிக்கும். உட்புறம் பை தைத்த பிரா இதற்குத் தேவை. இந்தச் செயற்கை மார்பகத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் அது தொடர்செலவு.

உங்களுக்காக வீட்டார் முடிவெடுக்க விடாதீர்கள். "இந்த வயதில் எதற்கு?" என்பவர்களும் உண்டு, "கட்டாயம் செய்துகொள்" என்பவர்களும் உண்டு. அந்த உடம்போடு விடிந்தால் எழப்போவது நீங்கள்தான்.

4. உடனடியா, பிறகா

மார்பகம் எடுக்கும் அதே அறுவையிலேயே செய்வது உடனடி மறுசீரமைப்பு. தோலையும் சில நேரங்களில் முலைக்காம்பையும் காப்பாற்ற முடிவதால் தோற்றம் இயல்பாக வரும். ஒருமுறை கூடுதலாக மயக்க மருந்து கொடுப்பதும் தவிரும். ஆனால் காயம் ஆறுவதில் சிக்கல் வந்தால் கீமோ தள்ளிப்போகும். பொதுவாக அறுவைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரங்களில் கீமோவைத் தொடங்குவார்கள். புற்றுநோய்ச் சிகிச்சைதான் முதலில், மார்பகம் அதற்குப் பிறகு. இந்த வரிசையை யாருக்காகவும் மாற்றாதீர்கள்.

எல்லாச் சிகிச்சையும் முடிந்த பிறகு செய்வது தாமத மறுசீரமைப்பு. கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். இந்த வழி காலாவதியாவதில்லை. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்தும் செய்துகொள்ளலாம். "இப்போது விட்டால் பிறகு முடியாது" என்ற பயத்தில் நான் சம்மதித்தேன். அது தவறான பயம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. மார்பகம் எடுக்கும்போது எக்ஸ்பாண்டர் என்ற தற்காலிகப் பையை மட்டும் வைத்துத் தோலைக் காப்பாற்றிக்கொண்டு, அறிக்கையும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு இறுதி முறையைத் தீர்மானிப்பது. கதிர்வீச்சு வருமா என்று தெரியாதவர்களுக்கு இது பயன்படுகிறது. ஆனால் அந்தப் பை தற்காலிகமானது என்பதையும், அடுத்து வருவது இம்பிளாண்ட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாததால்தான் கதிர்வீச்சுக்குப் பிறகும் இம்பிளாண்ட்டுக்கே சம்மதித்தேன்.

5. முறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இம்பிளாண்ட்டில் இரண்டு வழி. தோல் போதுமான அளவு இருந்தால் நேரடியாக இறுதி இம்பிளாண்ட்டை வைத்துவிடலாம். இல்லையென்றால் முதலில் எக்ஸ்பாண்டர். சுமார் இரண்டு வாரம் கழித்து, தோலுக்கு அடியில் உள்ள வால்வு வழியாக ஊசியால் உப்புநீர் ஏற்றத் தொடங்குவார்கள். வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ இது நடக்கும். தேவையான அளவு வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ஏற்றிய அன்றும் மறுநாளும் நெஞ்சை யாரோ இறுக்கிக் கட்டியதுபோல் இருக்கும். பிறகு தணியும். இறுதி இம்பிளாண்ட்டுக்கு மாற்ற இரண்டாவது அறுவை வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல எக்ஸ்பாண்டர்களின் வால்வில் காந்தம் இருக்கிறது. அது உள்ளே இருக்கும்வரை எம்ஆர்ஐ எடுப்பது ஆபத்தாகலாம். எந்த ஸ்கேனுக்குப் போனாலும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

இம்பிளாண்ட் முறையின் நன்மை, அறுவை நேரமும் மருத்துவமனை வாசமும் குறைவு. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். உடலில் வேறெங்கும் வடு இருக்காது. குறை என்னவென்றால், இம்பிளாண்ட் வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் பொருள் அல்ல. கசிவு, இறுக்கம், இடம் பெயர்தல் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காகப் பின்னாளில் மாற்றவோ எடுக்கவோ நேரலாம். நாற்பது வயதில் வைத்துக்கொள்பவர் இன்னும் ஓர் அறுவையையாவது எதிர்பார்த்திருக்க வேண்டும்.

தசைக்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதையும் கேளுங்கள். கீழே வைத்தால் கையை அழுத்தும்போது மார்பு இழுபட்டு அசையும். மேலே வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தோல் மெலிதாக இருப்பவர்களுக்கு ஓரங்களில் சுருக்கம் தெரியலாம். இம்பிளாண்ட்டைத் தாங்க ஒரு திசு வலையை வைப்பதும் உண்டு. அது பன்றி, மாடு அல்லது மனிதத் தோலிலிருந்து செல்களை நீக்கித் தயாரிக்கப்படுவது. சமயக் காரணங்களுக்காகவோ வேறு காரணங்களுக்காகவோ அதில் மறுப்பு உள்ளவர்கள் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் தாமாகச் சொல்வதில்லை.

அடுத்தது ஃப்ளாப். உடலின் வேறோர் இடத்திலிருந்து தோல், கொழுப்பு, சில வகைகளில் தசையையும் எடுத்து மார்பகமாக்குவது. அடிவயிற்றிலிருந்து எடுப்பதுதான் அதிகம். தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுத்து, அதன் நுண்ணிய ரத்தக்குழாய்களை நெஞ்சில் உள்ள ரத்தக்குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்து இணைப்பது டீப் ஃப்ளாப். வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுப்பது டிராம் ஃப்ளாப். இரண்டாவதில் பின்னாளில் வயிற்றுச் சுவர் தளர்ந்து குடலிறக்கமோ புடைப்போ வர வாய்ப்பு கூடுதல். எந்த முறையில் செய்யப்போகிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "வயிற்றிலிருந்து எடுப்போம்" என்ற பதில் போதாது.

டீப் ஃப்ளாப்புக்கு ஒரு பக்கத்துக்கே ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கலாம். மருத்துவமனையில் மூன்று முதல் ஐந்து நாள். முழுதாகத் தேற ஆறு முதல் எட்டு வாரம். இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வடு இருக்கும். வயிற்றை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். முன்பே வயிற்றுக் கொழுப்பு நீக்க அறுவை செய்தவர்களுக்குப் பெரும்பாலும் இது ஒத்துவராது. சிசேரியன் வடு பொதுவாகத் தடையில்லை. இணைத்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் ஃப்ளாப்பை முழுதாக இழக்க நேரிடும். பழகிய கைகளில் இது நூறில் ஒருசிலருக்குத்தான் நடக்கிறது. ஆனால் நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திடுங்கள்.

முதுகுத் தசையைத் தோலுக்கு அடியில் முன்பக்கம் திருப்பிக் கொண்டுவரும் முறையும் உண்டு. ரத்தக்குழாயை வெட்டி இணைக்க வேண்டியதில்லை என்பதால் அறுவை சுருக்கம். ஆனால் பருமன் போதாமல் அதோடு ஓர் இம்பிளாண்ட்டும் தேவைப்படலாம். முதுகில் நீர் கோத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். நீச்சல், ஏறுதல் போன்ற வேலைகளில் தோளின் பலம் குறைவது தெரியலாம். வயிற்றில் கொழுப்பு குறைவானவர்களுக்குத் தொடையிலிருந்தும் பிட்டத்திலிருந்தும் எடுக்கும் முறைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்பவர்கள் குறைவு.

எந்த முறையாக இருந்தாலும் புதிய மார்பகத்தில் தொடு உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது, அல்லது மிகக் குறைவாகத்தான் திரும்பும். இதை அறுவைக்கு முன்பே மனத்தில் ஏற்றிக்கொள்வது நல்லது. கண்ணாடியில் பார்த்தபோது நிம்மதியடைந்த நான், கையால் தொட்டபோது அழுதேன்.

6. பிளாஸ்டிக் சர்ஜனைச் சந்திக்கும்போது

கூட ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் எழுதிக்கொள்ளட்டும், நீங்கள் கேளுங்கள்.

• இந்த முறையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?
• என் வயதிலும் உடல்வாகிலும், கதிர்வீச்சு பெற்ற ஒருவரின் படங்களைக் காட்ட முடியுமா? சரியாக வராத ஒன்றையும் காட்ட முடியுமா?
• மொத்தம் எத்தனை அறுவை, எத்தனை மாத இடைவெளியில்?
• இது தோற்றுப்போனால் அடுத்த வழி என்ன?
• இரவில் அவசரம் வந்தால் யாரை அழைப்பது?

ஒருவர் ஒரே முறையை மட்டும் பேசினால், அவருக்கு அந்த ஒன்றுதான் தெரிந்திருக்கலாம். நுண்ணோக்கியின் கீழ் ரத்தக்குழாயை இணைக்கும் நுண்ணறுவை தெரிந்த மற்றொருவரிடமும் கருத்துக் கேளுங்கள். அதற்காக எந்த நல்ல மருத்துவரும் கோபப்பட மாட்டார். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் முடிவெடுக்கச் சில வாரங்கள் அவகாசம் இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டு, அந்த நாள்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

7. செலவை முழுதாக எழுதிப் பாருங்கள்

முதலில் சொல்லப்படும் தொகை பெரும்பாலும் முதல் அறுவைக்கு மட்டுமானது. கடைசி வரை ஆகும் செலவைக் கணக்கிட ஒரு தாளில் இவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக மருத்துவமனையில் தொகை கேளுங்கள்: புற்றுநோய் அறுவை மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன் என்று இரு குழுக்களின் கட்டணம்; மயக்க மருந்து மருத்துவர்; அரங்கின் மணிக்கணக்கு, ஃப்ளாப்பில் இதுவே பெரிய தொகை; எக்ஸ்பாண்டர், இம்பிளாண்ட், திசு வலை ஒவ்வொன்றின் விலையும் தனித்தனியாக; தீவிரக் கண்காணிப்பு அறை; அறுவைக்கு முந்தைய சிடி ஸ்கேன்; உப்புநீர் ஏற்றும் ஒவ்வொரு வருகையும்; இரண்டாவது அறுவை; மறு மார்பகத்தை, அதாவது மற்றப் பக்க மார்பகத்தை, சமப்படுத்தும் அறுவை; முலைக்காம்பு; அழுத்த உடைகள்; பிசியோதெரபி; பின்னாளைய ஸ்கேன்கள். இதோடு வேலைக்குப் போகாத வாரங்களின் வருமானத்தையும், வீட்டில் உதவிக்கு வைக்கும் ஆளின் செலவையும் சேருங்கள்.

திசு வலையின் விலை என் மதிப்பீட்டில் இல்லை. பில்லில்தான் பார்த்தேன்.

காப்பீட்டில் ஒரே ஒரு சொல் எல்லாவற்றையும் கெடுக்கும். அந்தச் சொல் 'அழகுச் சிகிச்சை'. என் கடிதத்தில் யாரோ அப்படி எழுதிவிட்டார்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, திருத்திய கடிதம் வாங்கி, மீண்டும் விண்ணப்பித்துப் பணம் வர நான்கு மாதம் ஆயிற்று. ஆகவே மருத்துவர் தரும் கடிதத்தில் "மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் பகுதியான மறுசீரமைப்பு" என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கட்டங்களையும், மறு மார்பகத்தைச் சமப்படுத்துவதையும் சேர்த்து, அதே கடிதத்தில் முன்கூட்டியே குறிப்பிடச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1998இல் வந்த கூட்டரசுச் சட்டம் ஒன்று, மார்பக நீக்கத்துக்குக் காப்பீடு தரும் திட்டங்கள் மறுசீரமைப்புக்கும், மறு மார்பகத்தைச் சமப்படுத்துவதற்கும், செயற்கை மார்பகத்துக்கும் தர வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளிலும் அப்படி இல்லை. அரசுத் திட்டமோ தனியார் திட்டமோ, உங்களுடையது எந்தக் கட்டம்வரை தரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது செல்லாது. முன் அனுமதிக்குச் செல்லுபடியாகும் கால எல்லை உண்டு. அறுவை தள்ளிப்போனால் புதுப்பிக்க வேண்டும்.

8. உடலைத் தயார்படுத்துங்கள்

புகைபிடிப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிகோட்டின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கித் தோலைச் சாகடிக்கும். மெல்லும் புகையிலை, நிகோட்டின் பட்டை எல்லாம் இதில் அடங்கும். வீட்டில் வேறு யாராவது புகைத்தால் வெளியே போகச் சொல்லுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் பரிசோதனையை முன்பே செய்து கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமைக்கான மருந்து, மூலிகை மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கட்டி அபாயம் சற்றுக் கூடுதல் என்பதால், ஃப்ளாப்புக்குச் சில வாரம் முன்பு நிறுத்தச் சொல்லும் மருத்துவர்கள் பலர். நீங்களாக நிறுத்தாதீர்கள். புற்றுநோய் மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் பேசி முடிவெடுக்கட்டும்.

முன்பக்கம் திறக்கும் சட்டைகள், எட்டும் உயரத்தில் பாத்திரங்கள், சாய்ந்து படுக்கத் தலையணைகள். இந்த மூன்றும் இருந்தால் முதல் வாரம் தாங்கும்.

9. மருத்துவமனையும் முதல் ஆறு வாரமும்

ஃப்ளாப் என்றால் முதல் இரவு தூக்கம் இருக்காது. மணிக்கு ஒருமுறை செவிலியர் வந்து நிறம், சூடு, அழுத்திவிட்டால் ரத்தம் திரும்பும் வேகம் ஆகியவற்றைப் பார்ப்பார். டாப்ளர் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தின் ஓசையைக் கேட்பார். விட்டுவிட்டு வரும் அந்த 'உஷ், உஷ்' ஓசைக்காக நான் ஒவ்வொரு மணியும் காத்திருந்தேன். அடைப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில்தான் வரும். உடனே கண்டுபிடித்தால் காப்பாற்ற முடியும் என்பதால்தான் இவ்வளவு காவல். நிறம் நீலமாகவோ வெளுப்பாகவோ மாறினால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்காமல் மணியை அழுத்துங்கள்.

காயத்தில் சேரும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் குறைவாக இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். ஒரு வாரத்திலும் நடக்கலாம், மூன்று வாரமும் ஆகலாம். குழாயைக் கழுத்தில் ஒரு நாடாவில் தொங்கவிட்டால் குளிக்கவும் நடக்கவும் எளிது.

வயிற்றிலிருந்து எடுத்தவர்கள் முதல் சில நாள் குனிந்துதான் நடக்க வேண்டும். நிமிர முயன்று தையலை இழுக்காதீர்கள். நான்கு முதல் ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. கைக்குழந்தை உள்ளவர்கள் இதற்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். கைப் பயிற்சிகளை மருத்துவர் சொன்ன நாளில் தொடங்கி, விடாமல் செய்யுங்கள். நான் வலிக்குப் பயந்து இரண்டு வாரம் விட்டுவிட்டேன். தோள் இறுகி, அதைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆயிற்று.

10. மிச்ச வேலைகள்

முலைக்காம்பு கடைசியில் வரும். மார்பகம் தன் இடத்தில் படிந்த பிறகு, மூன்று மாதமாவது கழித்து, அங்குள்ள தோலையே மடித்துச் செய்வார்கள். காலப்போக்கில் அதன் உயரம் குறையும் என்பதால் தொடக்கத்தில் சற்றுப் பெரிதாகவே செய்வார்கள், பதற வேண்டாம். அதன்மேலோ அது இல்லாமலோ நிறத்தைப் பச்சைகுத்தியும் கொண்டுவரலாம். பச்சை மங்கினால் மீண்டும் குத்த வேண்டும். இதைச் செய்யாமலே நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு.

பள்ளங்களை நிரப்பக் கொழுப்பை எடுத்து ஊசியால் செலுத்துவார்கள். அதில் ஒரு பகுதியை உடல் கரைத்துவிடும். அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தேவைப்படும். சில நேரம் சிறு கட்டிகள் தட்டுப்படும். பெரும்பாலும் அவை கொழுப்புதான். ஆனாலும் ஒவ்வொரு புதிய கட்டியையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

11. பின்தொடர்தல்

மறுசீரமைப்பு புற்றுநோய் திரும்புவதை அதிகப்படுத்துவதில்லை. புதிய மார்பகத்துக்கு வழக்கமான மேமோகிராம் பொதுவாகத் தேவையில்லை. மறு மார்பகத்துக்குத் தவறாமல் வேண்டும். தோலிலும் வடுவிலும் அக்குளிலும் மாற்றம் உண்டா என்று மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

இம்பிளாண்ட் வைத்தவர்கள் அதன் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம், மாதிரி, வரிசை எண், அளவு, மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகைச் சொரசொரப்பு இம்பிளாண்ட்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அவற்றோடு தொடர்புள்ள அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய்தான் காரணம். உள்ளே இருப்பது எது என்று தெரிந்துகொள்ள அந்த அட்டை எளிதான, நம்பகமான வழி. சொரசொரப்பு வகை இருந்தாலும் தொந்தரவு இல்லாதவர்கள் எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவ அமைப்புகள் சொல்லவில்லை. ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால் மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சிலிக்கான் இம்பிளாண்ட்டின் உள்கசிவு வெளியே தெரியாது. வைத்து ஐந்து முதல் ஆறு ஆண்டில் ஒரு எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்டு, அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை.

உணர்ச்சி இல்லாத தோல் சுடுவதைச் சொல்லாது. புதிய மார்பகத்தின் மேலும், ஃப்ளாப் எடுத்த வயிற்றிலோ முதுகிலோ, வெந்நீர்ப் பையும் சூடான ஒத்தடமும் வைக்கவே வைக்காதீர்கள். பனிக்கட்டியும் அப்படித்தான். குளிக்கும் நீரின் சூட்டை உணர்ச்சியுள்ள கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும், அது நள்ளிரவாக இருந்தாலும், ஆறாம் படியில் கேட்டு வைத்த எண்ணை அழையுங்கள். மூச்சுத் திணறல் என்றால் அழைத்துவிட்டுக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.